ஏற்காடு ரோட்டில் கேமராவா, வேகத்தடையா?

சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வாசலில் வண்டிகள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில் எங்கள் பகுதியில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எதை வைத்துக் குறைப்பது என்பதில்தான் ஒரு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. பாதிப் பேர் கேமரா வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் ஸ்பீடு பிரேக்கர் போட்டால் போதும் என்கிறார்கள். நாலைந்து பேர் போலீஸை நிறுத்தச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால், அது நெடுஞ்சாலைத் துறைக்கா, போலீசுக்கா, ஆர்.டி.ஓ.வுக்கா என்பதிலேயே நாள் போய்விடும். இந்த இடத்தில், இது வேண்டும், இந்தக் காரணத்துக்காக என்று எழுத வேண்டும். மனு எழுதுகிற வேலை என்னிடம் வந்திருப்பதால், ஒவ்வொரு வழியைப் பற்றியும் தெரிந்துகொண்டதையும் என் முடிவையும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதல் வேலையாக, உண்மையில் வேகம் எவ்வளவு என்று பார்த்தேன். பள்ளிக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடைத் தூணிலிருந்து டேப் பிடித்து 50 மீட்டர் அளந்து, சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டேன். 50 மீட்டரை ஒரு வண்டி ஆறு விநாடியில் கடந்தால் அது மணிக்கு 30 கிலோமீட்டர். மூன்று விநாடியில் கடந்தால் 60. போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச் போதும். காலை எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை மூன்று நாள் நின்றேன். ஆறு விநாடி எடுத்துக்கொண்டவை டவுன் பஸ், சிலிண்டர் வண்டி, பால்காரர் மொபட், இவ்வளவுதான். கார்களும் பைக்குகளும் பெரும்பாலும் நாலுக்கும் மூன்றரைக்கும் நடுவில் போயின. அதாவது 45-லிருந்து 50. மலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கிவந்த ஒரு பைக் கூட்டம் இரண்டரை விநாடியில் போயிற்று. அது 72. அந்த நேரத்தில் ரோட்டின் இந்தப் பக்கம் ஆறாவது படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஒரு காலை ரோட்டில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றிருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஏழு தடவை கால் வைத்து எடுத்த பிறகுதான் கடக்க முடிந்தது.

50-இல் போவதெல்லாம் ஒரு வேகமா என்று கேட்கிறார்கள். பிள்ளை குறுக்கே வருவதைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 30-இல் வருகிற வண்டி அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வருகிற வண்டி அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முதல் வண்டி நின்ற இடத்தில், இரண்டாவது வண்டிக்காரர் இன்னும் பிரேக்கைத் தொட்டே இருக்கமாட்டார். முழு 50-இல் போய் மோதுவார். காய்ந்த ரோட்டுக்கும் நல்ல பிரேக்குக்கும் உள்ள கணக்கு இது. நடந்து போகிறவர்களும் வண்டிகளும் கலந்து புழங்குகிற இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது.

நம் ரோட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவருக்கு, அடிவாரம் வந்ததும் ரோடு நேராகிறது. அதுவரை இரண்டாவது கியரில் உருட்டி, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து இறுக்கமாக வந்தவர் அங்கேதான் மூச்சு விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். அதே வண்டியில் இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடி வந்ததால் பிரேக் சூடேறி, பிடிப்பு குறைந்திருக்கும். வேகம் கூடுகிற இடமும் பிரேக் அசந்திருக்கிற இடமும் ஒன்றாக இருக்கிறது. அதற்கு அடுத்து வருவது பள்ளிக்கூடம்.

சரி, ஸ்பீடு பிரேக்கரை முதலில் பார்ப்போம். அதன் பெரிய பலம், அது யாரையும் விசாரிப்பதில்லை. நம்பர் பிளேட் தெரிகிறதா, ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வி இல்லை. கரண்ட் போனாலும் வேலை செய்யும். இந்த நிமிஷம், இந்த வண்டியை மெதுவாக்கும். செலவும் குறைவு.

ஆனால் நாம் ஸ்பீடு பிரேக்கர் என்று சொல்லிப் பழகியிருக்கிற பல மேடுகள் ஸ்பீடு பிரேக்கரே இல்லை. ரோடு போட்டு மிஞ்சிய தாரை ஒரு முழ அகலத்துக்குக் கொட்டி உருட்டிவிட்ட மேடுகள் அவை. இந்தியச் சாலைப் பேரவை எனப்படும் ஐ.ஆர்.சி. இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. வண்டி ஏறி இறங்குகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த வட்டத்தின் ஒரு துண்டு மாதிரியான மேற்பரப்பு. இந்த அளவில் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம், அதற்கு மேல் போனால் வண்டி தூக்கிப் போடும். அதே 10 சென்டிமீட்டரை ஒரு முழத்துக்குள் வைத்தால், மெதுவாகப் போகிறவருக்கும் இடுப்பு ஒடியும். ராத்திரியில் வெள்ளைப் பட்டை இல்லாத மேடு தெரியாமல், பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த எங்கள் தெரு அம்மா ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் மகன் அன்றைக்கு 30-ஐத் தாண்டிப் போகவில்லை. எனவே "ஸ்பீடு பிரேக்கர் போடுங்கள்" என்று மட்டும் மனுவில் எழுதினால் நமக்குக் கிடைப்பது இதே மேடாகத்தான் இருக்கும். ஐ.ஆர்.சி. அளவைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், வர்ணத்தோடும் எச்சரிக்கைப் பலகையோடும் கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு தடை இருக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் நெஞ்சு வலிக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிற 108 இந்த ரோட்டில்தான் வருகிறது. 20 வளைவு குலுங்கி வந்த கர்ப்பிணிக்கு அடிவாரத்திலிருந்து ஆறு ஏழு மேடு ஏற்றி இறக்குவது எந்த நியாயத்திலும் சேராது. "நூறு மீட்டருக்கு ஒன்று போட்டுவிடலாம்" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசியது இதனால்தான். ஒரே ஒரு மேடு, பிள்ளைகள் கடக்கிற இடத்தில். அதற்கு மேல் கூடாது.

அந்த ஒன்றையும் சாதாரண மேடாகப் போடாமல் டேபிள் டாப்பாகப் போடச் சொல்லலாம். இருபுறமும் சரிவு, நடுவில் தட்டையான மேடை, அதன் மேல் ஜீப்ரா கோடு. பிள்ளைகள் நடைபாதை மட்டத்திலேயே ரோட்டைக் கடப்பார்கள். டிரைவர் கண்ணுக்கு உயரத்தில் தெரிவார்கள். கடக்கிற இடமும் வேகம் குறைகிற இடமும் ஒன்றாகிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைத் தண்ணீர் இந்த ரோட்டோடுதான் ஓடி வருகிறது. குறுக்கே மேடை கட்டினால் தண்ணீர் தேங்கி, பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டிவரும். இரு ஓரத்திலும் தண்ணீர் போக வழி விட்டுத்தான் கட்ட வேண்டும். அடிவாரத்திலிருந்து இறங்கி வருகிற பக்கம், மேடைக்குக் கொஞ்ச தூரம் முன்பே ரம்பிள் ஸ்ட்ரிப் எனப்படும் சிறு சிறு பட்டைகள் வேண்டும். சூடேறிய பிரேக்கோடு வருகிற லாரிக்காரர் திடீரென்று மேடையைப் பார்த்தால் அது இன்னொரு விபத்தாகிவிடும்.

இனி கேமரா. பள்ளி வாசலில் பூக்கட்டி விற்கிற அக்காவிடம் கேமரா வைக்கப் போகிறோம் என்று சொன்னேன். நூலைப் பல்லில் கடித்தபடியே கேட்டார்: "போட்டோ புடிக்கும் சரி, பிரேக் புடிக்குமா கண்ணு?"

ஒரு மாதமாக நான் படித்த எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் வைத்துத்தான் பார்க்கிறேன். கேமரா பிரேக் பிடிக்கும். உடனே பிடிக்காது. இன்று வேகமாகப் போனவருக்குச் சில நாள் கழித்து சலான் வரும், அதற்கடுத்த வாரம் அவர் இந்த இடத்தில் மெதுவாகப் போவார். தினம் இதே ரோட்டில் போய் வருகிற கல்லூரி பஸ்ஸுக்கும் கால் டாக்ஸிக்கும் மலை எஸ்டேட்டுக்குச் சரக்கு ஏற்றும் டெம்போவுக்கும் இது நன்றாக வேலை செய்யும். வருஷத்துக்கு ஒரு தடவை கோடை விழாவுக்கு வருகிற வெளியூர்க் காருக்கு வேலை செய்யாது. அவர் சலானைப் பார்க்கும்போது தன் ஊரில் இருப்பார். இந்த ரோட்டில் இரண்டு வகை வண்டியும் ஓடுகிறது, சனி ஞாயிறில் இரண்டாவது வகைதான் அதிகம்.

கேமரா வேலை செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதியும் அதற்காகவே வந்தவை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் ஆபத்து அதிகமுள்ள இடங்களில் கேமரா வைக்கலாம். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அபராதம் கார் மாதிரி இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000. திரும்பவும் செய்தால் லைசென்ஸைப் பிடித்து வைக்கவும் வழி இருக்கிறது.

இதில் எங்கள் கூட்டத்தில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. நானும் முதலில் யோசிக்கவில்லை. கேமரா எந்த வேகத்தை மீறினால் படம் பிடிக்கும்? 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு நகர எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கு 60. சட்டத்தின் 112-ஆவது பிரிவுப்படி மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவரோ குறிப்பிட்ட இடத்துக்கு அதைக் குறைக்கலாம். குறைத்து அறிவித்து, பலகை நட்டால்தான் செல்லும். அப்படிச் செய்யாமல் கேமராவை மட்டும் நட்டால், நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தபோது 50-இல் போன அத்தனை பேரும் சட்டப்படி சரியாகப் போனவர்கள் ஆகிவிடுவார்கள். கம்பத்தில் கேமரா இருக்கும், வேகம் அப்படியே இருக்கும். பள்ளிப் பகுதிக்கு 30 என்று அறிவிக்கச் சொல்வதுதான் மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும். மேடை, கேமரா எல்லாம் அதற்குப் பிறகு.

வரம்பைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே உதாரணம். 2023 ஜூனில் அங்கே ரேடார் வைத்து, பகலில் 40 கிலோமீட்டர் என்ற பழைய வரம்பை அமல்படுத்தப் பார்த்தார்கள். அகலமான மெயின் ரோட்டிலும் அதே 40 என்றதும் ஊரே கொதித்தது. அபராதம் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, நவம்பரில் வரம்பை மாற்றினார்கள். காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30. நாமும் அடிவாரத்திலிருந்து கோரிமேடு வரை முழுக்க 30 என்று கேட்டால் இதே கதைதான். பள்ளி வாசலுக்கு இரு பக்கமும் சில நூறு மீட்டருக்குக் கேட்டால் யாரும் மறுக்க முடியாது.

அடுத்து நம்பர் பிளேட். கேமரா வண்டியைப் பார்ப்பதில்லை, பிளேட்டைத்தான் படிக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பிளேட் இருக்கிறது, அதைக் கேமரா படித்துவிடும். அதற்கு முந்தைய பைக்குகளில் எண்ணைவிடப் பெரிதாகத் தலைவர் படம், சாமி படம், வளைத்து வளைத்து எழுதின எழுத்து. சில பிளேட்டுகள் மட்கார்டுக்கு அடியில் மடங்கியே இருக்கும். ஒழுங்காகப் பிளேட் வைத்த காருக்கு மட்டும் சலான் வந்து, ஒழுங்கில்லாத பைக் தப்பித்தால், கேமராவை ஊர் மதிக்காது.

பிளேட்டைப் படித்தாலும் நோட்டீஸ் போவது ஆர்.சி.யில் பேர் இருக்கிறவருக்கு. இதில் நான் பட்ட அனுபவம் உண்டு. என் பழைய பைக்கை ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் விற்றேன். 29, 30-ஆம் நம்பர் பாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேர் மாற்றி விடுகிறோம் சார் என்றார்கள். மாற்றவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, நாமக்கல் பக்கம் ஹெல்மெட் இல்லாமல் போனதாக என் போனுக்கு சலான் வந்தது. போட்டோவில் என் பழைய பைக், ஓட்டுகிறவர் யாரோ. கன்சல்டிங்குக்கு மூன்று தடவை, ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை அலைந்தேன். கடைசியில் அந்தப் பைக் நாலு கை மாறியிருந்தது தெரிந்தது. தப்புச் செய்தவருக்கு அந்த சலான் போய்ச் சேரவே இல்லை. அவர் இன்றைக்கும் ஹெல்மெட் இல்லாமல்தான் போய்க்கொண்டிருப்பார் என்று நினைக்கும்போது, நான் அலைந்ததைவிட அதுதான் அதிகம் வலிக்கிறது. பழைய வண்டி விற்றவர்கள் தயவுசெய்து பரிவாகன் தளத்தில் ஒரு தடவை பேர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேமரா மீது பொதுவாகச் சொல்கிற ஒரு குறை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கேமராவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, தாண்டியதும் திரும்ப முறுக்குவார்கள் என்பது அது. உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியதே அந்த இருநூறு முந்நூறு மீட்டர்தான். அந்தத் தூரத்தில் மெதுவாகப் போனாலே பிள்ளைகள் கடந்துவிடுவார்கள்.

இந்தக் குறைக்கு மருந்தாகச் சிலர் சராசரி வேகக் கேமராவைச் சொல்கிறார்கள். இரண்டு இடத்தில் கேமரா வைத்து, ஒரு வண்டி முதலாவதைக் கடந்த நேரத்தையும் இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் கழித்து, தூரத்தை வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2024-லிருந்து இது இருக்கிறது. அங்கே நடுவில் யாரும் நிற்பதில்லை, சந்தும் இல்லை. நம் அடிவாரத்து ரோட்டில் சுட்ட சோளத்துக்கும் கொய்யாவுக்கும் டீக்கும் நிற்காத வண்டி எது? 80-இல் வந்து பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு மறுபடி 80-இல் போனாலும் சராசரி 30-க்குக் கீழே வந்துவிடும். இது நமக்கு ஒத்துவராது, மனுவில் சேர்க்கவில்லை.

மலைப்பாதையிலேயே கேமரா வைக்கலாமே என்ற பேச்சும், 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே பஸ் கவிழ்ந்து உயிர்கள் போன பிறகு எங்கள் பகுதியில் வந்தது. அந்தத் துக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ரேடார் கேமரா, வண்டி மேல் பட்டுத் திரும்பி வருகிற அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து வேகம் சொல்கிறது. வண்டி நேராக வந்தால்தான் கணக்கு சரியாக வரும். வளைவில் கோணம் கூடக் கூட, உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். கொண்டை ஊசி வளைவுக்குத் தேவை உறுதியான தடுப்புச் சுவர், குவி கண்ணாடி, இறங்குகிற பெரிய வண்டிகளுக்கு பிரேக் சோதனை. அது தனி மனு.

வெளிநாட்டு அனுபவத்தில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சண்டை அப்படியே அங்கே நடந்திருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிப் பகுதிகளிலும் சமூகப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடங்களிலும் மட்டும் வேகக் கேமரா வைக்கலாம் என்று சட்டம் இருந்தது. டொராண்டோவில் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்களும் ஒரு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பார்த்ததில், கேமரா வைத்த பள்ளிப் பகுதிகளில் வரம்பு மீறுகிற வண்டிகளின் பங்கு 45 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜூலையில் இது வெளியாயிற்று. அதே வருஷம் நவம்பர் 14-இலிருந்து மாகாண அரசு எல்லா வேகக் கேமராவையும் தடை செய்துவிட்டது. மக்களிடம் பணம் பறிக்கிற வேலை என்பது முதல்வர் சொன்ன காரணம். டொராண்டோவில் ஒரு தெருவில் கேமராக் கம்பத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பதில் வேகத்தடை, உயர்த்திய கடவை, பெரிய பலகைகளுக்குப் பணம் தருகிறோம் என்று அரசு சொன்னது.

எனக்கு இதில் இரண்டு விஷயம் படுகிறது. கேமரா வேகத்தைக் குறைத்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் மக்களில் ஒரு பகுதி அதைத் தங்களுடையதாக ஏற்கவில்லை, அதனால் நிலைக்கவில்லை. நியூயார்க்கில் வேறு மாதிரி செய்தார்கள். முதலில் பள்ளி நேரத்தில் மட்டும், அபராதம் 50 டாலர் மட்டும் என்று ஆரம்பித்து, பல வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில்தான் 24 மணி நேரமும் ஆக்கினார்கள். சின்னதாக ஆரம்பித்தது நிலைத்துவிட்டது.

பக்கத்தில் கேரளாவைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். "அங்கே வைத்த மாதிரி ஏ.ஐ. கேமரா" என்று. 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் 726 கேமராக்கள். அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை. வேகத்தைப் பார்ப்பவை மொத்தமே எட்டு. ஏ.ஐ. கேமரா என்று மனுவில் எழுதினால் வேறு ஏதோ ஒன்று வந்து சேரும். அங்கே ஒப்பந்தம் கொடுத்த விதம் பற்றிப் பெரிய அரசியல் சர்ச்சையும் எழுந்தது. எத்தனை சலான் விழுகிறதோ அதற்கேற்பக் கம்பெனிக்குப் பணம் என்று எங்கே ஏற்பாடு இருந்தாலும், அங்கே மக்களின் நம்பிக்கை போய்விடும். இதை மனுவிலேயே எழுதப் போகிறேன்.

போலீஸ் நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற நேரத்தில் அதைவிட நல்லது எதுவும் கிடையாது. சீருடையோடு ஒருவர் கையைக் காட்டினால் மலையிலிருந்து வந்த பைக்கும் நிற்கும், வெளியூர்க் காரும் நிற்கும், பிளேட் இல்லாத வண்டியும் நிற்கும். ஆனால் அமைச்சர் வருகை, கோடை விழா, மாரியம்மன் திருவிழா என்று எதற்காவது அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளி விடுகிற நாலேகால் மணிக்கு அவர் இருப்பார் என்று நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியாது. ஜவுளிக்கடை விளம்பரம் ஒட்டிய பேரிகேட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைப்பதும் இதே கதை. பகலில் உதவும், ராத்திரியில் ரிப்ளெக்டர் இல்லாமல் அதுவே ஆளை அடிக்கும்.

வண்டியின் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிற பலகை ஒன்று உண்டு. அபராதம் இல்லை. 30-க்கு மேல் போனால் எண் சிவப்பாகும். சும்மா எண்ணைக் காட்டினால் யார் குறைப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வேண்டுமென்றே முறுக்குகிறவர்களைவிட, மலை இறங்கின அசதியில் தன் வேகம் தெரியாமல் போகிறவர்கள்தான் இந்த ரோட்டில் அதிகம். அவர்களுக்கு அந்த எண் போதும். சூரியத் தகட்டில் ஓடும், சலான் சிக்கல் எதுவும் இல்லை.

இனி என் முடிவு. 30 என்ற வரம்பு அறிவிப்பு போக, ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் டேபிள் டாப்பைத்தான் கேட்பேன். கேமரா நல்லது என்று ஒத்துக்கொண்டே சொல்கிறேன். கேமரா தினம் போகிறவரை ஒரு மாதத்தில் திருத்தும், மேடை முதல் தடவை வருகிறவரையும் அன்றைக்கே நிறுத்தும். நம் வாசலில் கடக்கிற பிள்ளைக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும். மேடையை ஏப்ரல், மே விடுமுறையில் கட்டினால் ஜூனில் பள்ளி திறக்கும்போது வர்ணம் உட்பட முடிந்திருக்கும்.

அதற்கு அடுத்தபடியாக, மேடைக்குக் கொஞ்சம் மேலே, அடிவாரத்திலிருந்து இறங்கி வருகிற பக்கம் பார்த்து, வேகம் காட்டும் பலகை. அங்கே ரோடு நேராக இருக்கிறது, 108 குலுங்காமல் போகும். ஆறு மாதம் பலகை இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் அதே கம்பத்தில் கேமரா. அந்த ஆறு மாதத்தில் உள்ளூர் வண்டிகளுக்குப் பிளேட்டைச் சரிசெய்யச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூலம் முகாம் போடலாம். கேமரா வரும்போதும் முதல் மாதம் எச்சரிக்கை மட்டும், அப்புறம் பள்ளி நேரத்தில் மட்டும் அபராதம். சலான் எண்ணிக்கைக்கு ஏற்பக் கம்பெனிக்குப் பணம் என்ற ஏற்பாடு கூடவே கூடாது. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் ஐ.டி.ஐ.யும் இருக்கிற கோரிமேட்டுப் பகுதிக்கும் இதே மாதிரி தேவை இருக்கிறது. ஆனால் அங்கே ரோட்டின் அமைப்பு வேறு, கூட்டம் வேறு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பார்த்து முடிவு செய்வதுதான் முறை.

மனு கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு என்று குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன். நெடுஞ்சாலைத் துறை, போலீஸ், ஆர்.டி.ஓ. எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருகிற இடம் அதுதான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பெட்டிக்கடை முன்னால் கையெழுத்து வாங்குகிறோம். பூக்காரக்கா முதல் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார். வரும்போது உங்கள் வீட்டு வாசலில் 50 மீட்டர் அளந்து, பத்து வண்டிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.